எஞ்சினை அணைத்த பிறகு: பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை முகாம் வண்டியாக்கிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மலேசியாவில், பினாங்கின் பிறை என்ற ஊரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. லோரி, பஸ், எப்போதாவது மீன்பிடிப் படகு என்று வாகன மின்வேலைதான் பிழைப்பு. இந்த வண்டி என்னிடம் வந்தபோது பாதி வேலை ஏற்கெனவே நடந்திருந்தது. அந்தப் பாதியை உரிமையாளரின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறேன். மீதியில் நானும் சம்பந்தப்பட்டவன், அதில் நடந்த பெரிய தவறும் என்னுடையதுதான். எழுதச் சம்மதித்தார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

வண்டியை வாங்கியவர்கள் ஒரு தம்பதி. கணவர் பாயான் லெப்பாஸில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அவரும் ஓய்வில் இருக்கிறார். இருவரும் அறுபதைத் தொட்டவர்கள். ஹோட்டல் தேடாமல் தீபகற்பத்தைச் சுற்ற வேண்டும், வெளிக் கரண்ட் இல்லாமல் மூன்று இரவு எங்கேயும் தங்க முடிய வேண்டும். அவர்கள் கேட்டது இவ்வளவுதான். நோட்டின் முதல் பக்கத்தில் "3 இரவு, பிளக் இல்லை" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

வாங்கியது 14 வயதான டீசல் டொயோட்டா ஹையேஸ், உயரக் கூரை. தனியாரிடம் ஆம்புலன்ஸாக ஓடியது. விலை 28,000 வெள்ளி (ரிங்கிட்). மீட்டர் 1,40,000 கிலோமீட்டர்தான் காட்டியது. அந்த வயதுக்கு அது ரொம்பக் குறைவு என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிட்டார்.

அங்கேயே ஒரு விஷயம் தப்பிப் போனது. ஆம்புலன்ஸ் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், நிற்கும்போதும் உள்ளே குளிர் போகக்கூடாது என்று எஞ்சினை அணைக்க மாட்டார்கள். சக்கரம் ஓடாத அந்த மணிக்கணக்கெல்லாம் மீட்டரில் ஏறாது. பெல்ட்டுக்கும் கம்ப்ரஸருக்கும், எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டருக்கும் ஏறும்.

"எல்லாமே அதிலேயே இருக்கு தம்பி. ரெண்டாவது பேட்டரி, இன்வெர்ட்டர், வெளி பிளக், பின்னாடிக்குத் தனி ஏர்கான்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். எல்லாம் இருந்தது உண்மைதான். ஆனால் அத்தனையும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வண்டி கொட்டகையில் சுவர் பிளக்கில் மாட்டியிருக்கும் என்ற நினைப்பில் பொருத்தப்பட்டவை. முகாம் வண்டிக்கு வேலை ஆரம்பிப்பதே எஞ்சினை அணைத்த பிறகுதான். இந்த வண்டியில் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முரணிலிருந்து வந்தவை.

## பிரித்துப் பார்த்தபோது

ஆக்ஸிஜன் சிலிண்டர்களை விற்றவரே கழற்றிக்கொண்டார். குழாய்களையும் சுவரிலிருந்த வால்வுகளையும் இவர்கள் கழற்றினார்கள். ஆக்ஸிஜன் போன குழாயில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது, தீப்பிடிக்கும். அதனால் அந்தக் குழாயை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் மொத்தமாக எடுத்தது நல்ல முடிவு.

தரை வினைலை ஓரத்திலிருந்து உரித்தபோது, ஸ்ட்ரெச்சர் தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரல் அகல இடுக்கில் மூடியில்லாத ஊசி ஒன்று கிடந்தது. துருவும் காய்ந்த அழுக்கும் மூடி, பார்த்தால் ஆணி மாதிரி இருந்ததாம். மனைவி வெறும் கையால் கூட்டிக்கொண்டிருந்தார். நல்லவேளை, துடைப்பத்தில் சிக்கியது. அதன் பிறகுதான் தடித்த தோல் கையுறை, குறடு, ஊசி போட ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா எல்லாம் வந்தன. ஆம்புலன்ஸ் வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்ய வேண்டும்.

கழுவ நீர்த்த குளோராக்ஸ் ப்ளீச் போட்டார்கள். போட்டது சரி. அலசாமல் விட்டது தப்பு, அது இரும்பைத் தின்னும். தண்டவாள போல்ட்டுகளைச் சுற்றி ஏற்கெனவே துரு இருந்தது, இரண்டு வாரத்தில் அது பொடுபொடுவென்று உதிர ஆரம்பித்தது. சுரண்டி, துருவை மாற்றும் திரவம் அடித்து, பெயின்ட் போட்டு நிறுத்தினார்கள். அதே போல்ட் துளைகளைக் கட்டிலைப் பூட்ட வைத்துக்கொண்டது கெட்டிக்காரத்தனம். வண்டியிலேயே உறுதியான இடம் அதுதான்.

## பந்தாய் பெர்சேயில் ஓர் இரவு

உள்ளே ஒரு மெத்தையும் கேஸ் அடுப்பும் மட்டும் வைத்துக்கொண்டு, பட்டர்வொர்த் பந்தாய் பெர்சே கடற்கரையில் ஒத்திகைக்குத் தங்கினார்கள். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம். என்ன ஆனாலும் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. மூன்று விஷயங்கள் நடந்தன.

முதலாவது சூடு. ராத்திரி 11 மணிக்கு வெளியே 28 டிகிரி, உள்ளே 34. ஆம்புலன்ஸின் பின்கூடு காப்புப் பஞ்சு வைத்து அடைத்த பெட்டி. திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் பாதிதான் திறக்கும். ஏர்கான் ஓடும்வரை அந்தக் காப்பு குளிரைப் பிடித்து வைக்கும். ஏர்கான் நின்றால் அதே காப்பு இரண்டு பேரின் உடல் சூட்டையும் மூச்சின் ஈரத்தையும் பிடித்து வைக்கும். விடியும்போது கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

இரண்டாவது பேட்டரி. இன்வெர்ட்டரில் ஒரு மேசைக் காற்றாடி மட்டும் ஓடியது. மூன்று மணிக்கு இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றது.

மூன்றாவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி வாக்கில் பின்கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். திறந்தால் இருபது வயதுப் பையன், மோட்டார் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறான். பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அவன் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, வாங்க என்று மலாயில் கெஞ்சினான். கதவு முழுதாகத் திறந்ததும் உள்ளே மெத்தையையும் கேஸ் அடுப்பையும் கைலியோடு நிற்கிறவரையும் பார்த்தான். "அந்தப் பையன் முகம் போன போக்கை என்னால மறக்க முடியல" என்று ஆசிரியை அம்மா என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அவசர எண் 999க்கு அவரே அழைத்து இடத்தைச் சொன்னார். கணவர் பையனோடு போய், உண்மையான ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த வீட்டு வாசலில் கைவிளக்கோடு நின்றார். வந்து ஏற்றிப் போனார்கள். பிழைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

சுழல்விளக்கும் சைரனும் அப்போதே கழற்றியாயிற்று, ஸ்டிக்கரும் உரித்தாயிற்று. ஆனால் 14 வருட வெயிலில் சுற்றுப்புறப் பெயின்ட் மங்கி, ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. முன்னால் போகிறவர் கண்ணாடியில் படிக்கத் தோதாகத் திருப்பிப் போட்ட எழுத்துகூட தெருவிளக்கில் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளை உடம்பு, உயரக் கூரை, பால் கண்ணாடி. இருட்டில் அவசரத்தில் வருகிறவனுக்கு அது ஆம்புலன்ஸ்தான்.

## நிறமும் தஸ்தாவேஜும்

மறுநாளே உள்வேலையை நிறுத்தினார்கள். முதலில் பெயின்ட், மற்றதெல்லாம் அப்புறம். இதில் நான் அவர்கள் பக்கம். பணத்தையும் வசதியையும் பார்த்தால் பெயின்ட் கடைசியில்தான் வரும். தட்டுகிற கையை நினைத்தால் முதலில் வரும். வெளிர் பச்சை அடித்தார்கள், 3,200 வெள்ளி.

மலேசியாவில் வண்டியின் நிறத்தை மாற்றினால் அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜேபிஜேயின், பதிவிலும் மாற்ற வேண்டும். இருக்கை எண்ணிக்கை, உடற்கூட்டு அமைப்பு போன்றவற்றில் கை வைப்பதென்றால் வைப்பதற்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். இவர்களின் கிரான்டில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், பயன்பாடு இன்னும் ஆம்புலன்ஸ் என்றே இருந்தது. அதை மாற்றாமல் காப்புறுதி எடுத்து, நாளைக்கு ஒரு விபத்து என்றால் பதில் சொல்ல வழியில்லை. பயன்பாட்டு மாற்றம், உள்ளமைப்பு, நிறம் மூன்றையும் ஒரே விண்ணப்பமாகத் திட்டமிட்டிருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் போனதால் வண்டி வாசலிலேயே பல வாரம் நின்றது. அலமாரிக்கு மரம் வாங்கும் முன் இலாகாவின் வாசலுக்குப் போயிருக்க வேண்டும் என்று நோட்டில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

## என்னிடம் வந்தபோது

எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு இரண்டாவது பேட்டரியின் கம்பியில், கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்தேன். 1.2 ஆம்பியர் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 ஆம்பியர் மணி. பழைய 100 ஆம்பியர் மணி ஈயபேட்டரி, அதில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றாலே இரண்டு நாளில் காலி. அவர்களுடைய பேட்டரி சோர்ந்து போனது வேறு.

ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். தூங்கும் இன்வெர்ட்டர் 0.5. சைரனைக் கழற்றினாலும் அதன் ஆம்ப்ளிஃபையர் டேஷ்போர்டுக்குள் உயிரோடு இருந்தது, அது 0.3. மிச்சம் ரேடியோ சார்ஜரும் பின்பக்கக் கட்டுப்பாட்டுப் பலகையும். சுவர் பிளக்கில் நிற்கும் வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆம்புலன்ஸ் மின்னமைப்பைக் கட்டியவர் மேல் குற்றமில்லை.

பழைய கம்பிகளை முழுக்க உருவி எடுப்பது என்று முடிவு செய்தோம். தராசில் வைத்தால் 9 கிலோ. வைத்துக்கொண்டவை வெளி பிளக், கூரை எல்இடி விளக்குகள், கூரைக் கைப்பிடிக் கம்பி. கம்பியில் இப்போது துண்டு காய்கிறது.

கணக்கு இப்படிப் போட்டோம். கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் நம் சூட்டில் நாளுக்கு 500 வாட் மணி. இரண்டு காற்றாடி, 25 வாட் வீதம் பத்து மணி நேரம், இன்னொரு 500. விளக்கு, பம்ப், கைப்பேசி எல்லாம் 200. மொத்தம் 1,200 வாட் மணி, வீட்டு பில் பாஷையில் 1.2 யூனிட். ஏர்கான் வேண்டுமா என்ற பேச்சு இங்கேதான் முடிந்தது. சின்னக் கூரை ஏர்கான் ஒன்றே இரவு முழுக்க விட்டு விட்டு ஓடினாலும் 3 யூனிட் கேட்கும். "குளிர் வேணும்னா கேமரன் மலைக்குப் போயிடலாம்" என்றார் அந்த அம்மா. சரியான பொறியியல் முடிவு. 1,400 மீட்டருக்கு மேலே ஏறினால் குளிருக்குக் கரண்ட் செலவில்லை.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி. 2.5 யூனிட் கொள்ளும். ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். கூரையில் 200 வாட் சோலார் பலகை இரண்டு. பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கில்தான் இருக்கிறது, பலகையைச் சாய்க்க வேண்டிய அவசியமில்லை. மழை அழுக்கை வடிக்கும் அளவு சின்னச் சரிவு போதும். கூரைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டோம், ஏனென்றால் சூடேறினால் பலகையின் விளைச்சல் குறையும். நல்ல வெயில் நாளில் 1,200ஐ ஒட்டிக் கிடைக்கும். மரநிழலில் அதில் மூன்றில் ஒன்று கிடைத்தால் அதிகம். நம் ஊரில் முகாம் போடும் இடமெல்லாம் மரநிழல்தான்.

அதனால் ஓடும்போது எஞ்சினிலிருந்தும் சார்ஜ் எடுக்க வேண்டும். இங்கேதான் சறுக்கினேன். ஆம்புலன்ஸில் ஏற்கெனவே இரட்டை பேட்டரி ரிலே ஒன்று கெட்டியான கம்பியோடு இருந்தது. எஞ்சின் ஓடினால் இரண்டு பேட்டரியையும் இணைக்கும், அணைத்தால் பிரிக்கும். எஞ்சினிலிருந்து எடுக்கும் கரண்டுக்கு வரம்பு வைக்கும் டிசி-டிசி சார்ஜர் தனியாக வாங்கினால் இன்னொரு 1,100 வெள்ளி. "இது போதும்ணே, இதுவே நல்லா ஓடும்" என்று சொன்னேன். இருபது வருடமாக ஈயபேட்டரிக்கு அப்படித்தான் மாட்டி வந்திருக்கிறேன். அத்தனை பழைய கம்பியையும் உருவிய கை இதை மட்டும் விட்டுவிட்டது.

## கிரிக் சாலையில்

முதல் நீண்ட பயணம் கூலிம், பாலிங் வழியாக கிரிக் போய், அங்கிருந்து கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் தெமங்கோர் ஏரிக்கு. ஏரிக்கரையில் மரத்தடியில் இரண்டு இரவு, இரண்டு நாளும் மழை. மூன்றாம் நாள் காலை பேட்டரி 25 சதவீதம். அதுவரை எல்லாம் திட்டப்படிதான்.

திரும்பும்போது மூடுபனி. ஹெட்லைட் எரிகிறது, கண்ணாடி மங்காமல் இருக்க ஏர்கான் ஓடுகிறது, மேட்டில் மரம் ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்கிறார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்கு அழைப்பு.

"தம்பி, சார்ஜ் லைட் எரியுது. வார்னிஷ் கருகின மாதிரி வாடை வேற."

ஓரம் கட்டச் சொன்னேன். புகை இல்லை. கிரிக்குக்கு இன்னும் 25 கிலோமீட்டர். ஏர்கானை அணைத்து, ஆம்புலன்ஸோடு வந்த எமர்ஜென்சி ஸ்டார்ட் ஸ்விட்ச்சைப் போட்டு, வீட்டுப் பேட்டரியிலிருந்து, அதாவது உள்ளே வைத்த லித்தியத்திலிருந்து, எஞ்சினுக்குக் கரண்ட் கொடுக்கச் சொன்னேன். டீசல் வண்டி, தேவை கொஞ்சம்தான். யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்த அந்தச் சாலையில் ஹெட்லைட்டை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெதுவாக ஓட்டி கிரிக் பட்டறை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பழைய ஆல்டர்னேட்டரைக் கையோடு கொண்டுவந்தார். பட்டறையில் திறந்தேன். செம்புச் சுருள் தேன் நிறத்தில் பளபளக்க வேண்டும். இது கருகிய வெல்லம் மாதிரி இருந்தது, நகத்தால் கீறினால் வார்னிஷ் செதிலாக வந்தது.

ஈயபேட்டரிக்கு உள்ளேயே ஒரு தடை உண்டு. முதலில் நிறையக் குடித்தாலும் சீக்கிரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியத்துக்கு அந்தத் தடை மிகக் குறைவு. ஏறக்குறைய நிறையும்வரை கொடுத்ததெல்லாம் குடிக்கும். ஆல்டர்னேட்டரைக் குளிர்விக்கும் விசிறியோ அதே தண்டில் சுழல்கிறது. மேட்டில் மெதுவாக ஊரும்போது விசிறியும் மெதுவாகச் சுற்றும், சுமை மட்டும் உச்சத்தில் நிற்கும். அதோடு மீட்டரில் ஏறாத நிற்பு மணிகளால் ஏற்கெனவே களைத்த ஆல்டர்னேட்டர்.

ஊகம் வேண்டாம் என்று புது ஆல்டர்னேட்டரை மாட்டி, வீட்டுப் பேட்டரியை மறுபடி 25 சதவீதத்துக்கு இறக்கி, எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓட்டிச் சோதித்தேன். பழைய ரிலே வழியாக 82 ஆம்பியர். இருபது நிமிடம் கழித்தும் அதே 82. ஆல்டர்னேட்டர் கூட்டின் சூடு 112 டிகிரி வந்ததும் அணைத்துவிட்டேன். முதல் தடவை வண்டியைக் கொடுக்கும் முன் இந்த இருபது நிமிடத்தைச் செலவழித்திருந்தால் போதும்.

## மாற்றியதும் அதன் பலனும்

ரிலேயைக் கழற்றி 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போட்டேன், என் செலவில். அது எஞ்சினிடம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று வரம்பு வைக்கும். மூன்று மணி நேரம் ஓட்டினால் ஒரு நாள் செலவு திரும்பக் கிடைத்துவிடும். அதே சோதனையில் கூட்டின் சூடு 80 டிகிரியைத் தாண்டவில்லை. எமர்ஜென்சி ஸ்விட்ச்சை மட்டும் தனியாக விட்டு வைத்தேன். அது தன் மதிப்பை நிரூபித்த பழைய பொருள்.

சூட்டுக்குக் கூரையில் ஒரு வெளியேற்று விசிறி, எதிரெதிரே இரண்டு ஜன்னல், பின்கதவுக்குக் கொசுவலை. கடற்கரையில் இப்போது உள்ளே 29 டிகிரிக்கு வருகிறது. குளிர் என்று சொல்ல மாட்டேன், தூங்கலாம். பகலில் பூட்டி வெயிலில் விட்டால் கட்டிலுக்கடியில் 47 டிகிரி வரை போனது, பேட்டரிக்கு அது ஆகாது. கூரை விசிறி சூட்டைப் பார்த்துத் தானே ஓடும்படி வைத்த பிறகு 40க்குள் நிற்கிறது. சமையல் எப்போதும் வண்டிக்கு வெளியேதான்.

அதன் பிறகு நான்கு பயணம். கேமரன் மலையில் மூன்று இரவு சுகமாகத் தாங்கியது. தெமங்கோருக்கு மறுபடி போனபோது மழையில் மூன்றாம் இரவு ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டியிருந்தது. ஆக, நோட்டின் முதல் பக்கத்து நிபந்தனை வெயிலில் நிறைவேறுகிறது, மழை நிழலில் இரண்டரை இரவுதான். இன்னொரு பேட்டரி போடலாமா என்று கேட்டார். முதலில் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்போம் என்றிருக்கிறேன்.

இதுவரை கதவை யாரும் தட்டவில்லை.

## மறுபடி செய்தால்

வாங்கும் முன் கிலோமீட்டரைப் பார்ப்பதோடு எஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் விசாரிப்பேன். தெரியாவிட்டால் ஆல்டர்னேட்டருக்கும் பெல்ட்டுக்கும் ஆயிரம் வெள்ளி ஒதுக்கிவிட்டுத்தான் விலை பேசுவேன். தஸ்தாவேஜு, கையுறை, பெயின்ட், அதன் பிறகு மரவேலை என்று வரிசை வைப்பேன். அதோடு, ஒத்திகை இரவை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்த அவர்களின் யோசனையை எல்லோருக்கும் சொல்வேன். பாதிப் பிரச்சினைகள் பதினைந்து நிமிட தூரத்திலேயே தெரிந்துவிட்டன. மீதியும் அங்கேயே தெரிந்திருக்கும், நான் மட்டும் கிளாம்ப் மீட்டரை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தால்.

சுழல்விளக்கு இருந்த நான்கு போல்ட் துளைகளை சிலிகோன் வைத்து அடைத்தது போதவில்லை. தகடு வைத்து ஒட்டி மூடியிருக்க வேண்டும். மூன்று அடங்கிவிட்டது. நான்காவது அக்டோபர் மழையில் இன்னும் கசிகிறது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு மைலோ டின் வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.